உப்பு பூட்டிய நட்டு

மண்டபத்தில் வீடு, ராமேஸ்வரத்தில் வேலை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தைப் பதினோரு ஆண்டுகளாக ஒரே காரில் கடந்து வருகிறேன். அந்தத் தூரத்தில் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் பாம்பன் சாலைப் பாலத்துக்கு உரியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அதன்மேல் போகும்போது, காற்றின் இரைச்சலுக்கு அடியில் வண்டியின் சொந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். சென்ற தை மாதக் கடைசியில் அங்கேதான் அந்த உறுமல் முதன்முதலாக என் காதில் விழுந்தது. தொலைவில் விசைப்படகு ஒன்று போவதைப் போல, ஏற்ற இறக்கமில்லாத அடித்தொண்டைச் சத்தம். நாற்பதில் இல்லை, ஐம்பதைத் தாண்டியதும் எழுந்தது, அறுபதில் கால் வைக்கும் தகட்டில் அதிர்வாகவே தெரிந்தது.

முதலில் டயரைத்தான் சந்தேகித்தேன். ஆனால் டயர் தேய்ந்து எழும் இரைச்சல் சாலையின் பரப்புக்கு ஏற்ப மாறும். புதுத் தாரில் அடங்கி, சொரசொரப்பான இடத்தில் ஓங்கும். இந்த உறுமலோ எந்தச் சாலையிலும் ஒன்றாகவே இருந்தது. வேகத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது. உச்சிப்புளிக்கு அப்பால் ஆளரவமற்ற நேர்ச்சாலையில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைச் சிறிது தூரம் உருளவிட்டேன். என்ஜின் தணிந்தும் உறுமல் தணியவில்லை என்பதால், என்ஜின் கணக்கிலிருந்து நீங்கியது. பிறகு வலப்பக்கமாக மெல்ல வளைத்தபோது சத்தம் கூடியது. இடப்பக்கமாக வளைத்தபோது ஏறக்குறைய மறைந்தது. வலப்பக்கம் திரும்பும் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும் ஆகையால், கோளாறு இடது முன்சக்கரத்தில் என்று முடிவானது. வீட்டில் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் அதைச் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின்மேல் வைத்தேன். அரிசியோடு மணல் சேர்ந்து அரைபடுவது போன்ற நறநறப்பு வில்லின் கம்பி வழியாக விரல்களுக்கு ஏறி வந்தது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டியபோது இலேசான ஆட்டமும் இருந்தது. சக்கரம் தடையின்றிச் சுழலத் துணைநிற்கும் குண்டு வளையமான பேரிங் கெட்டுவிட்டது.

இடது சக்கரம் முதலில் கெட்டதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் சாலைகள் நடுவில் சற்று உயர்ந்து ஓரத்தில் சரிபவை. மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து வழியெல்லாம் ஒழுகும் ஐஸ் தண்ணீர், மீனோடு வந்த கடல்நீரையும் சேர்த்துக்கொண்டு, அந்த ஓரத்தில்தான் போய்த் தேங்குகிறது. காற்று அள்ளி வரும் மணலும் அங்கேயே படிகிறது. இடப்பக்கமாகவே ஓட்டும் நாட்டில் இடது சக்கரம் அந்தக் கலவையில் தினமும் உருள்கிறது.

இந்தக் கரையின் உப்பைப் பற்றி வெளியூர் நண்பர்களிடம் சொன்னால், மழை இல்லாத ஊரில் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சாரலாகப் பறந்து இரும்பின்மேல் விழும் துளி வெயிலில் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகுமுன்பே, ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே மழை ஒரு சொட்டுப் பெய்யாத மாதத்திலும் நம் வண்டியின் அடிப்பகுதி இரவு முழுவதும் மெல்லிய உப்புநீர்ப் படலத்தில் நனைந்தே நிற்கிறது. மற்றக் கரைகளில் ஒரு பருவம் கடல்காற்று ஓங்கினால் அடுத்த பருவம் ஓய்வு கிடைக்கும். மண்டபத்தில் அந்த ஓய்வும் இல்லை: தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் சாரல், வாடை வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவின் சாரல். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பைக் காப்பாற்ற ஓயாமல் வண்ணம் பூச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலோ, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் என்னும் அரிப்புத் தடுப்புப் பூச்சையும் தொடக்கத்திலேயே வைத்துக் கட்டினார்கள். பாலத்துக்கு உள்ள அந்த முன்னெச்சரிக்கை, அதே காற்றில் நிற்கும் ஒரு சிறிய காரின் சக்கர நட்டுக்குக் கிடைப்பதில்லை.

பேரிங்கை மாற்ற முதலில் கழற்ற வேண்டியது ஆக்சில் நட்டு; அதன் வேலை என்னவென்பதைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். முன்சக்கர இழுவை கொண்ட காரில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டான ஆக்சிலின் முனை, நீளவாக்கில் பற்கள் வெட்டிய ஸ்பிளைன் தண்டாக, சக்கரம் பொருந்தும் நடுக்குடமான ஹப்பின் நடுத்துளைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. வெளியே வந்த மரையில் ஒரே ஒரு பெரிய நட்டு. சக்கரத்தைச் சுற்றி இருக்கும் நான்கு சிறிய நட்டுகள் சக்கரத்தை ஹப்போடு சேர்க்கின்றன. நடுவில் இருக்கும் இந்த ஒன்று ஆக்சிலையும் ஹப்பையும் பேரிங்கின் உள்வளையங்களையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது. பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் சுழல வேண்டும் என்பதே இந்த நட்டின் முறுக்கத்தால் தீர்மானமாகிறது. அதனால்தான், இதைத் தளர்த்திவிட்டு வண்டியை நாலடி கூட நகர்த்தக் கூடாது. பாரத்தோடு உருண்டால் உள்வளையங்கள் விலகிப் பேரிங் அந்த இடத்திலேயே கெட்டுவிடும். தானாகக் கழன்றுவிடாதபடி, பல கார்களில் நட்டின் மெல்லிய கழுத்தை ஆக்சிலில் உள்ள பள்ளத்துக்குள் உளியால் அமுக்கிப் பூட்டியிருப்பார்கள். வேறு சிலவற்றில் குறுக்கே செருகி மடக்கும் காட்டர் பின் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மாலையில் சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நட்டு என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. ஆக்சில் முனை, நட்டு, வாஷர் எல்லாம் ஒரே செங்காவி நிறக் கட்டியாக இருந்தன. விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தன. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பூட்டிய கழுத்து கண்ணுக்குப் பட்டது. அதில் ஒன்றல்ல, இரண்டு உளிக்காயங்கள் இருந்தன. ஒன்று பள்ளத்துக்கு நேராக. மற்றொன்று பள்ளத்தைவிட்டு விலகி, ஒருமுறை அமுக்கியதை நிமிர்த்திய தழும்போடு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே பேரிங்கை ஒரு பட்டறையில் மாற்றியிருந்தேன். புது நட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தேன். பழைய நட்டையே மீண்டும் போட்டு, வெடித்த கழுத்தையே இன்னொரு முறை அமுக்கியிருக்கிறார்கள் என்பது அந்த இரண்டாவது காயத்தில் எழுதியிருந்தது. வெடிப்பின் வழியாக உப்புநீர் மரைக்குள் இறங்க மூன்று வருடம் தாராளமாகப் போதும். அந்தப் பேரிங்குக்கு மூன்றே வருட ஆயுள் கிடைத்ததற்கும் இதில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

பூட்டிய கழுத்தை நிமிர்த்தாமல் நட்டைச் சுழற்றத் தொடங்கினால், அந்த உதடு ஆக்சிலின் மரையைச் சீவிக்கொண்டே வரும். மரை போனால் ஆக்சிலே போனதாக ஆகும். ஆகவே முனை மழுங்கிய சிறிய உளி ஒன்றைப் பள்ளத்தின் அடிப்பக்கத்தில் செருகி, இலேசாகத் தட்டித் தட்டி உதட்டை மேலே தூக்கினேன். தகரடப்பாவின் மூடியை நெம்புவது போல ஒரே முயற்சியில் தூக்கப் பார்க்கக் கூடாது. பள்ளத்தின் இரு விளிம்பிலிருந்தும் மாற்றி மாற்றி, அரிசிமணி அளவுக்கு எழும்பிய பிறகு நடுவில் கொடுக்க வேண்டும். இதற்கே கால் மணி நேரம் பிடித்தது.

நட்டைத் தளர்த்தும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியின்மேல் இவ்வளவு பலத்தைச் செலுத்துவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். என் தங்கையின் கணவர் மீன் லோடு ஓட்டுகிறவர். அவரைப் பிரேக்கில் அமர்த்திவிட்டு, அரை இஞ்ச் சதுர முனை கொண்ட நெம்புகம்பியில், நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டி, அதன்மேல் நாலடி நீளத் தண்ணீர்க் குழாயைச் செருகினேன். என் எடை 68 கிலோ. 1.2 மீட்டர் நெம்பில் முழு எடையையும் கொடுத்தால் ஏறத்தாழ 800 நியூட்டன் மீட்டர் முறுக்கம். என் காரின் கையேடு இந்த நட்டை 200-க்குத்தான் இறுக்கச் சொல்கிறது. நான்கு மடங்கு கொடுத்தும் நட்டு அசையவில்லை. இரண்டாவது முறை எம்பியபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கம்பியின் சதுர முனை முறிந்து சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. குழாய் சிமென்ட் தரையில் மோதியது, என் வலது கை விரல்மூட்டுகளின் தோல் உரிந்தது. முகம் குழாய்க்கு நேராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

“மச்சான், இது பலத்துக்கு வராது. எங்க வண்டிக்கெல்லாம் மூணு நாள் எண்ணெய் குடிக்க விட்டுத்தான் தொடுவோம்,” என்றார் மாப்பிள்ளை. அவருடைய வண்டி தினமும் உப்புநீரில் ஊறுவது. ஆகையால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

துரு ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பதை யோசித்தால் அவர் சொன்னதன் நியாயம் புரியும். இரும்பு துருவாக மாறும்போது, மாறிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அந்தத் துரு அடைத்துக்கொள்கிறது. மரையின் இடுக்கோ ஒரு தாளின் கனம் கூட இல்லாதது. அதற்குள் வளரும் துரு போக வழியில்லாமல் நட்டையும் தண்டையும் எதிரெதிராக நெருக்குகிறது. பலத்தைக் கூட்டினால் அந்த நெருக்கலை வெல்வதற்கு முன் கருவியோ மரையோ உடைந்துவிடும். நெருக்கலைக் குறைப்பதுதான் வழி. அதற்கு எண்ணெய், அதிர்வு, சூடு என்று மூன்று துணைகள் உண்டு.

எண்ணெயில் ஒரு சிக்கல் இருந்தது. நட்டு படுக்கைவாட்டில் நிற்பதால், ஊற்றியது உள்ளே இறங்காமல் வழிந்துவிடுகிறது. அம்மா விளக்குக்குத் திரிக்கும் பஞ்சுத் திரிகளில் நான்கை எடுத்து, துரு இளக்கும் எண்ணெயில் நனைத்து, நட்டுக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான வட்டத்தில் சுற்றி அழுத்தி வைத்தேன். திரி எண்ணெயை மெல்ல மெல்ல மரைக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை புதுத் திரி. ஒவ்வொரு முறையும் நட்டின் ஆறு முகங்களிலும் கைச்சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டினேன். ஆக்சிலின் முனையில் ஒருபோதும் தட்டவில்லை, ஏனெனில் அங்கே விழும் அடி மரையை விரித்துவிடும், உள்ளே உள்ள ஜாயின்ட்டையும் தாக்கும். தட்டுவதன் நோக்கம் துருவில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குவது. அந்த விரிசல்கள் வழியாகத்தான் எண்ணெய் நடக்கும். இந்த நாட்களில் பேருந்தில் போய் வந்தேன். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் பட்டிருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது.

நான்காம் நாள் ராமநாதபுரம் லேத் பட்டறையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். இந்தக் கரையில் முப்பது ஆண்டுகளாகப் படகு என்ஜின்களையும் வண்டிகளையும் கழற்றிப் பூட்டியவர். முக்கால் இஞ்ச் கம்பியும், ஆறு முனை கொண்ட கனமான சாக்கெட்டும் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டும் கவ்வும். துருப்பிடித்துத் தேய்ந்த மூலை அதில் வழுக்கி உருண்டையாகிவிடும். ஆறு முனை சாக்கெட் நட்டின் தட்டையான முகங்களில் உட்காரும். அவர் உடனே கம்பியை மாட்டவில்லை. முதலில் எண்ணெய்த் திரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, துணியால் மும்முறை துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டார். எண்ணெய் கசியும் இடத்தில் தீயைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்பதை இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவர் மறக்காமல் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தார். உள்பக்கம் ஆக்சிலின் ரப்பர் உறையான பூட் உருகிவிடாமல் ஈரச் சாக்கைச் சுற்றினார்.

கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை நட்டின் வெளிமுகங்களில் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஆக்சில் முனையில் படவிடவில்லை. நட்டு மட்டும் சூடாகி, உள்ளிருக்கும் தண்டு அவ்வளவு சூடாகாமல் இருந்தால்தான் இடைவெளி பிறக்கும். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 24 மில்லிமீட்டர் மரைக்கு, இரண்டுக்கும் இடையே 200 டிகிரி வேறுபாடு இருந்தால், கிடைக்கும் தளர்வு 0.06 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். துரு பிடித்திருக்கும் இடுக்கின் அளவை நினைத்தால் அது போதுமானது. நட்டு சிவக்கும் வரை அவர் காட்டவில்லை. சுடரை விலக்கிவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நட்டும் தண்டும் சேரும் வட்டத்தில் தொட்டார். மெழுகு உருகி, சொட்டாகக் கீழே விழாமல், இடுக்குக்குள் இழுபட்டு மறைந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்: உறிஞ்சுவது போலவே உள்ளே போனது. ஒரு நொடி கழித்து ஆக்சிலின் பள்ளத்து வழியாக, செம்மண் கரைத்த நீர் போலப் பழுப்பு நிறத்தில் மெழுகு வெளியே கசிந்தது. “வழி கிடைச்சிருச்சு தம்பி,” என்றார். ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மறுபடி மெழுகு. மூன்று சுற்று.

பிறகு கம்பியை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஓர் அழுத்து கொடுத்தார். அதன் பிறகே கழற்றும் பக்கம். எங்கள் காரில் இரண்டு பக்கமும் வழக்கமான வலஞ்சுழி மரைதான்; இடப்பக்கச் சக்கரத்துக்கு இடஞ்சுழி மரை வைத்த கனரக வண்டிகளும் உண்டு என்பதால், அறியாத வண்டியில் கை வைக்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. இம்முறை குழாய் நீட்டல் தேவைப்படவே இல்லை. “கிரீச்” என்று ஓர் ஓசை, கால் அங்குல அசைவு. மீண்டும் இறுக்கு, மீண்டும் தளர்த்து. ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக. ஒரேயடியாகக் கழற்ற முயன்றால் மரையில் உள்ள துருத்தூள் திரண்டு ஆப்பு போலப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னுமாகச் சென்றால் தூள் மெழுகோடு வெளியே வந்துவிடும். பிடி தளர்ந்ததும் நிறுத்திக்கொண்டார். வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகே நட்டை முழுதாகக் கழற்றினார். எங்கள் வாசல் மணல் என்பதால் ஜாக்கிக்கு அடியில் பலா மரப் பலகை, வண்டிக்கு அடியில் இரும்புத் தாங்கிகள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் கை நீட்டவில்லை.

இவ்வளவுக்கும் நட்டு வராமலே போயிருந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. நட்டின் ஒரு முகத்தில் ஆக்சிலுக்கு இணையாக துரப்பணத்தால் துளையிட்டு, மரையைத் தொடும் முன் நிறுத்தி, மீதியை உளியால் பிளந்துவிடுவது. நட்டின் விலை சில நூறு ரூபாய், ஆக்சிலின் விலை பல ஆயிரம். பலி கொடுக்க வேண்டியது எதை என்பதில் குழப்பமே கூடாது.

நட்டு வந்ததும் ஆக்சில் ஹப்பிலிருந்து தானாக விலகும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஸ்பிளைன் பற்களும் அதே உப்பைக் குடித்தவை, அவையும் பிடித்திருந்தன. இங்கே சுத்தியலைத் தூக்குவது பலரும் செய்யும் தவறு. அண்ணன் பழைய நட்டைத் திருப்பி, முனையோடு சமமாக நிற்கும்படி மாட்டி மரைக்குக் காப்புச் செய்துவிட்டு, சக்கர போல்ட்டுகளில் மூன்று கால் இழுவைக் கருவியைப் பொருத்தி நடுத் திருகை இறுக்கினார். இறுக்கத்தில் விட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்தோம். திரும்பி வந்து ஹப்பின் பக்கவாட்டில் ஒரு தட்டு. “டொக்” என்று விலகியது. பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் சுருள்வில்லில் கட்டித் தொங்கவிட்டதும், டிஸ்க், பால் ஜாயின்ட், டை ராட் ஆகியவற்றைக் கழற்றியதும் அரை மணி நேரத்தில் முடிந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான கார்கள் எல்லாவற்றிலும், திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி காக்கும் ஏபிஎஸ் உண்டு. அவற்றில், பேரிங்கையும் ஹப்பையும் தாங்கும் நக்கிளில் செருகியிருக்கும் சக்கர வேக சென்சாரும் இப்படியே துருவில் சிக்கியிருக்கும், பிளாஸ்டிக் தலை என்பதால் இழுத்தால் முறியும். அதை அசைக்க முடியாவிட்டால் ஒயரை மேலிருந்து பிரித்து நக்கிளோடு சேர்த்தே கழற்றிக்கொள்ளலாம்.

நக்கிளோடு ராமநாதபுரம் போய், பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஹப்பை வெளியே தள்ளினோம். வழக்கம்போல பேரிங்கின் இரண்டு உள்வளையங்களில் வெளிப்பக்கம் இருப்பது ஹப்பின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிரைண்டரால் அதில் முக்கால் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டி, உளியால் ஓர் அடி கொடுத்தால் கடினமான எஃகு கண்ணாடி போல வெடித்துவிடும். வெடித்து விலகியபோதுதான் ஹப்பையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது தெரிந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய கழுத்தில் நீலம் பாய்ந்து, வளையம் தனியாகச் சுழன்ற கீறல்கள் வட்டம் வட்டமாக இருந்தன. நடுவே அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். இந்தக் கழுத்தில் எவ்வளவு நல்ல பேரிங்கைப் பொருத்தினாலும் உள்வளையம் பிடிப்பில்லாமல் சுழலத்தான் செய்யும். பேரிங்கை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று வந்த நான், மறுபேச்சில்லாமல் புது ஹப்பும் சேர்த்து வாங்கினேன். போன முறை பேரிங் மாற்றியவர்கள் இந்தக் கழுத்தைத் துடைத்துப் பார்த்தார்களா என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

பொருத்துவதில் ஒரு விதியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதுப் பேரிங் ஒரு மாதத்தில் மீண்டும் உறுமுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பேரிங்கை நக்கிளுக்குள் தள்ளும்போது பிரஸ்ஸின் பலம் வெளிவளையத்தின்மேல் மட்டும் விழ வேண்டும். பிறகு ஹப்பைப் பேரிங்குக்குள் தள்ளும்போது, மறுபக்கம் உள்வளையத்துக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். இது தலைகீழானால் டன் கணக்கான பலம் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதித்துவிடும். அண்ணன் பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே, சற்றுத் தேய்த்து, தள்ளும் அச்சாக வைத்திருந்தார். நக்கிளின் துளையை எமரித் தாளால் வெள்ளையாகும் வரை துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, பேரிங்கை நிறுத்திப் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தின் பள்ளத்தில் அடைந்திருந்த துருவை ஊசியால் கிளறி எடுத்த பிறகுதான் பிரஸ்ஸைத் தொட்டார். ஏபிஎஸ் காந்த வளையம் உள்ள பேரிங் என்றால் அந்த முகம் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மீண்டும் கழற்றும்போது பேரிங் வீணாகிவிடும்.

வீட்டில் திரும்பப் பூட்டும்போது ஸ்பிளைன் பற்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய படலமாகக் கிரீஸ் பூசினேன். டிஸ்க் வந்து உட்காரும் ஹப்பின் முகத்தையும் சுத்தமாகத் துடைத்தேன்; அங்கே ஒரு துருச்செதில் இருந்தாலும் டிஸ்க் கோணலாகி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். நட்டின் மரையில் மட்டும் கிரீஸ் பூசவில்லை. உராய்வு குறைந்த மரையில் அதே அளவு முறுக்கம் கொடுத்தால் உள்ளே இறுக்கம் கையேடு எண்ணியதைவிடக் கூடிவிடும். கையேடு பூசச் சொன்னால் ஒழிய மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். புது நட்டைக் கையால் கடைசி வரை சுழற்றி, சக்கரத்தைத் தரையில் முழுப் பாரத்தோடு இறக்கும் முன், தூக்கிய நிலையிலேயே பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஓரளவு இறுக்கினேன். பிறகு தரையில் வைத்து, முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் 200 நியூட்டன் மீட்டர். இது என் காருக்கு உரிய அளவு, வண்டிக்கு வண்டி மாறும். காற்றுத் துப்பாக்கியால் “இறுகிவிட்டது” என்று முடித்துக்கொள்ளும் வழக்கத்தை நான் இனி எங்கும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

நட்டின் கழுத்தைப் பள்ளத்துக்குள் அமுக்கும் வேலையை அண்ணன் என் கையாலேயே செய்யச் சொன்னார். முனை உருண்டையான உளி, மூன்று அடி. உலோகம் கிழியாமல் மடிந்து பள்ளத்தில் அமர வேண்டும். அமர்ந்ததும், நட்டின் வெளிப்புறத்தையும் ஆக்சில் முனையையும் சேர்த்து மூடும்படி கெட்டியான கிரீஸை ஒரு விரலால் அப்பி, மேலே புது மூடியைப் பொருத்தினேன். அந்தக் கிரீஸுக்கு இறுக்கத்தோடு தொடர்பில்லை. உப்புநீர் மரையைத் தொடாமல் தடுக்கும் மூடி அது. பழைய மூடியின் ஒரு காது உடைந்திருந்ததை எத்தனையோ முறை பார்த்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இருபது ரூபாய்ப் பொருள்.

அதற்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ஒருமுறை போய் வர நேர்ந்தது. அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல் நெருங்கி நிற்கும் அந்தச் சாலையில் சாரலும் மணலும் சக்கரத்துக்கு நேராகவே வருகின்றன. நீர் தேங்கிய இடத்தைச் சுற்றிப் போனேன். ஓடிச் சூடேறிய ஹப் திடீரெனக் கடல்நீரில் குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கைக் காக்கும் சீலின் உதட்டைத் தாண்டி நீரை உள்ளே இழுக்கும். வீடு வந்து சக்கரங்கள் ஆறிய பின், அடிப்பகுதியையும் நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் நிதானமாகக் கழுவினேன். அழுத்தக் குழாயை சீலுக்கு நேராகப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் நல்ல தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும். இரண்டு வாளிக்கு மேல் செலவழிப்பதில்லை.

வலது சக்கரம் இன்னும் உறுமவில்லை. இருந்தும் சென்ற ஞாயிறு அதன் மூடியைக் கழற்றினேன். தொழிற்சாலையில் போட்ட நட்டு, ஒரே ஓர் உளிக்காயம், மேலே பழுப்பேறியிருந்தாலும் கழுத்து வெடிக்கவில்லை. இரண்டு இரவு திரி வைத்து, சூடு காட்டாமல், முக்கால் இஞ்ச் கம்பியில் ஒரு கை அழுத்தத்தில் அசைந்தது. ஸ்பிளைனைத் துடைத்துக் கிரீஸ் பூசி, புது நட்டை 200-க்கு இறுக்கிப் பூட்டினேன். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கும் தேதி, கிலோமீட்டர், முறுக்க அளவு, நட்டு புதியது, மரை உலர்ந்தது, ஸ்பிளைனில் கிரீஸ் உண்டு என்று எழுதி, சாக்கெட்டின் அளவையும் குறித்து, டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன்.